பாய்மரம் தளத்தைத் துளைக்கும் இடம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ரப்பர் தோட்டங்களில் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாவாடை கட்டுவார்கள். வெட்டுப் பட்டைக்கு மேலே தார்ப்பசையைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுருக்கு வைத்துச் சுற்றி ஒட்டி, கீழ்ப்பக்கத்தை விரித்து விடுவார்கள். தண்டு வழியாக வழிந்து வரும் மழைநீர் பாவாடையின் மேல் ஏறி, விளிம்புக்குப் போய், வெளியே சொட்டும். வெட்டுக்காயமும் பால் விழுகிற சிரட்டையும் நனையாமல் இருக்கும். எந்தத் தொழிலாளியும் மரத்தை அடைக்க முயல்வதில்லை. நீருக்கு வேறு வழி காட்டிவிடுகிறார், அவ்வளவுதான்.

பல ஆண்டுகள் கழித்து மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தில், நண்பர் ஒருவருடைய 36 அடிப் பாய்மரப் படகில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாவாடை நினைவுக்கு வந்தது. பிற்பகல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. படகின் அறைக்குள், சாப்பாட்டு மேசையை ஒட்டி நிற்கும் பாய்மரத்தில் நீர் கோடு கோடாக வழிந்து இறங்கியது. மேசைமேல் விரித்திருந்த கடல் வரைபடத்தின் ஒரு மூலை ஊறிப்போயிருந்தது. பாய்மரம் படகின் மேல்தளத்தைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் நண்பர் அதற்குள் மூன்று முறை சிலிக்கான் பசை அடித்திருந்தார். ஒவ்வொரு முறையும் சில வாரம் தாங்கியது. பிறகு பழையபடி ஒழுகியது.

பழைய பாய்மரப் படகு வாங்குகிற எல்லோரும் ஏதாவது ஒரு மழை நாளில் இந்த ஒழுக்கைச் சந்திக்கிறார்கள். அது ஏன் வருகிறது, பசை ஏன் தோற்கிறது, எது நிற்கும் என்பதைப் படகுக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் துளை ஏன் இருக்கிறது என்று பார்க்கலாம். சங்கத் தமிழில் கூம்பு என்று சொன்ன பாய்மரம், நம் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் திறந்த இடத்தில் நடப்படுவது. கரைக்கு வந்ததும் பிடுங்கி வைத்துவிடலாம். மூடிய தளம் இல்லாததால் ஒழுக்கு என்ற பேச்சே எழாது. தளம் போட்டு, அதன் கீழே மனிதர்கள் தூங்குகிற அறை வைத்த படகுகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. இன்றைய ஃபைபர் படகுகளில் பாய்மரத்தை நிறுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, தளத்தின் மேலேயே நிறுத்திவிடுவது. அதன் எடையை அறைக்குள் இருக்கும் ஒரு தூண் வாங்கி அடிக்குக் கொண்டுபோகும். மற்றொன்று, தளத்தில் ஒரு துளை விட்டு, பாய்மரத்தை அதன் வழியே இறக்கி, படகின் அடிமுதுகான ஏராவின் மேல் நிறுத்துவது.

இரண்டாவது வகையில் பாய்மரத்துக்கு அடியில் ஒரு பிடி, தள மட்டத்தில் இன்னொரு பிடி என்று இரண்டு இடத்தில் தாங்கல் கிடைக்கிறது. அதனால் வளைவு குறையும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பி அறுந்து மேல்பகுதி முறிந்தால்கூட, தளத்துக்கு மேல் ஒரு குட்டைத் துண்டு மிஞ்சி நிற்கவும், அதில் சிறு பாய் கட்டிக் கரை சேரவும் வாய்ப்பு உண்டு. நெடுந்தூரம் போகிற பலர் இதை விரும்புவது இதனால்தான். இதற்குக் கொடுக்கிற விலை, தளத்தின் நடுவில் ஒரு பெரிய துளை.

துளை பாய்மரத்தின் அளவுக்கே இருக்காது. பாய்மரத்தைக் கிரேனில் தூக்கி, கொஞ்சம் சாய்த்து இறக்க வேண்டும். இறக்கிய பிறகு அதன் சாய்வைக் கூட்டிக் குறைக்கவும் இடம் வேண்டும். அதனால் சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டே துளையை அமைக்கிறார்கள். துளையைச் சுற்றித் தளத்தின் மேலே சில சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு விளிம்பு எழும்பி நிற்கும். பெரும்பாலும் அலுமினிய வளையம்; காலர் என்பார்கள். இடைவெளிக்குள் ஆப்பு அடிக்கப்படும். அந்தக் காலத்தில் மர ஆப்பு, அலுமினியப் பாய்மரத்துக்கு இப்போது கெட்டி ரப்பர்க் கட்டைகள்.

ஆப்பு வைப்பது நீரைத் தடுக்க இல்லை. பாய்மரம் துளைக்குள் ஆடி அடித்துக்கொள்ளாமல் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. நீரைத் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. அதற்கு வேறு பொருள் வேண்டும். புதியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, ஆப்புக்கு மேலே பசையை ஊற்றி நிரப்பினால் இரண்டு காரியமும் முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். என் நண்பரும் அப்படித்தான் நினைத்தார்.

பசை ஏன் நிற்காது என்று தெரிந்துகொள்ள, நல்ல காற்றில் பாய் விரித்துப் போகும்போது அறைக்குள் இறங்கி, ஒரு கையைப் பாய்மரத்திலும் இன்னொரு கையை அதைச் சுற்றியுள்ள கூரையிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக அசைவதில்லை. ஒவ்வொரு அலையில் படகு விழுந்து எழும்போதும் 15 மீட்டர் உயரப் பாய்மரம் நடுவில் வளைந்து நிமிர்கிறது. தளமும் சும்மா இருப்பதில்லை. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் படகின் இரண்டு பக்கங்களையும் மேலே இழுக்கின்றன. பாய்மரம் நடுவில் ஏராவைக் கீழே அழுத்துகிறது. பாய் ஏற்றும் ஆஞ்சான் கயிறுகள் பாய்மரத்தின் அடியில் தளத்தோடு பிணைத்த கப்பிகள் வழியாகத் திரும்பிப் போகிற படகுகளில், அந்தக் கயிறுகளை இறுக்க இறுக்கத் தளமே சற்று மேலே தூக்கப்படுகிறது. இதற்காகவே பல படகுகளில் தளத்தையும் பாய்மரத்தையும் உள்ளே ஓர் இரும்புக் கம்பியால் இழுத்துப் பிணைத்திருப்பார்கள். உங்கள் படகில் அந்தக் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டு எத்தனை முறை ஒழுக்கை அடைத்தாலும் வீண்.

இப்போது பசையின் நிலையை யோசியுங்கள். இடைவெளி குறுகி, பசைக் கோடு இரண்டு மில்லிமீட்டர் கனமே உள்ள இடத்தில், அதன் ஒரு கரை பாய்மரத்தில் ஒட்டியிருக்கிறது, மறு கரை காலரில். பாய்மரம் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் பசை தன் கனத்தைப் போல் இரு மடங்கு நீள வேண்டும். ஒரு முறை நீளும், நூறு முறை நீளும். ஒரு பயணத்தில் ஆயிரக்கணக்கான அலைகள். ஏதோ ஒரு கரையில் தலைமுடி அளவு பிளவு விழுந்ததும் நீருக்கு அது போதும். கெட்டியாக ஒட்டுகிற பசையைப் போட்டால் இன்னும் மோசம். பசை விடாது, அது ஒட்டியிருக்கும் இடம் பெயரும். அடுத்த முறை பாய்மரத்தை வெளியே எடுக்க நேரும்போது தளத்தையே வெட்ட வேண்டியிருக்கும். சிலிக்கானுக்கு இன்னொரு குற்றமும் உண்டு. அதைச் சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மிஞ்சும். அதன்மேல் வேறு பசையோ பெயின்டோ ஒட்டாது. நண்பருடைய காலரில் அந்தப் படலத்தைத் தேய்த்து எடுக்கவே எங்களுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது போனது. இந்த இடத்துக்குச் சிலிக்கான் குழாயைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள் என்று அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

தனித்தனியாக அசையும் இரண்டு பொருள்களுக்கு நடுவே நீர் புகாமல் இருக்க வேண்டுமானால், தொய்வாக, மடிப்போடு, இரண்டையும் சேர்த்துப் போர்த்தும் ஒன்று வேண்டும். மேல் விளிம்பு பாய்மரத்தோடு போகட்டும், கீழ் விளிம்பு காலரோடு போகட்டும், நடுவில் உள்ள தொய்வு அசைவை வாங்கிக்கொள்ளட்டும். மரக்கப்பல் காலத்து மாலுமிகள் இதைச் செய்துவந்தார்கள். தார் பூசிய கித்தான் துணியைப் பாய்மரத்தின் அடியைச் சுற்றிப் பாவாடைபோல் கட்டி, விளிம்புகளை ஆணியடித்து வைப்பார்கள். பலகை இணைப்புகளுக்குப் பஞ்சு திணித்துக் கலப்பற்று வேலை செய்தவர்கள், பாய்மரத்தின் அடியில் மட்டும் துணி கட்டினார்கள். அசையும் இடமும் அசையாத இடமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று கித்தானுக்குப் பதில் ரப்பர். படகுக்காரர்கள் இதை மாஸ்ட் பூட் என்கிறார்கள். எனக்குப் பாவாடை என்ற சொல்தான் வாயில் வருகிறது. இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன்.

பாவாடை வாங்க ஓடுவதற்கு முன்

நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். வழி நான்கைந்து இருக்கிறது. பாவாடை அவற்றில் ஒன்றிரண்டைத்தான் மூடும்.

வழிகிற துளியை விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்பில்லை என்றால் மழைநீர். உப்புக் கரித்தால் உடனே கடல்நீர் என்று முடிவு செய்ய வேண்டாம். தளத்தில் காய்ந்து கிடந்த உப்பை மழை கரைத்துக்கொண்டும் வந்திருக்கலாம். பிறகு, அறைக்குள் கூரையை ஒட்டிப் பாய்மரத்தைச் சுற்றியிருக்கும் அலங்கார வளையத்தைக் கழற்றுங்கள். ஒரு டிஷ்யூ பேப்பரைக் கூரைக்குச் சற்றுக் கீழே பாய்மரத்தைச் சுற்றி ஒரு வளையமாகக் கட்டுங்கள். ஒரு சாண் கீழே இன்னொன்று. துளையைச் சுற்றிக் கூரையிலும் சில துண்டுகளை ஒட்டி வையுங்கள். நனைந்த டிஷ்யூ நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி மேலே ஒருவர் தண்ணீர்க் குழாயோடு, கீழே ஒருவர் டார்ச்சோடு. நீரைப் பீய்ச்சி அடிக்காமல் மெதுவாக ஓடவிட வேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் காலர் தளத்தோடு சேரும் அடிப்பகுதி மட்டும், ஐந்து நிமிடம். அடுத்து காலரும் பாவாடையும் சேரும் இடம். அடுத்து பாவாடையின் மேல் விளிம்பு. கடைசியாகத்தான் பாய்மரத்தின் மேல்பகுதி. அவசரப்பட்டு மேலிருந்து தொடங்கினால் எல்லா வழியும் ஒரே நேரத்தில் நனையும். எது குற்றவாளி என்று தெரியாது.

கூரையில் ஒட்டிய துண்டு முதலில் நனைந்தால் காலரின் அடியில் கோளாறு. பாய்மரத்தைச் சுற்றிய வளையம் முதலில் நனைந்தால் நீர் பாய்மரத்தின் வெளிப்பரப்பு வழியாக வருகிறது. அதாவது பாவாடையின் மேல் விளிம்பு பிடிக்கவில்லை. இரண்டும் காய்ந்திருக்க, பாய்மரம் ஏராவில் நிற்கும் அடிக்குழியில் மட்டும் நீர் சேர்ந்தால் அது பாய்மரத்தின் உள்ளே இறங்கி வந்த நீர்.

இந்த மூன்றாவது வழியைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். அலுமினியப் பாய்மரம் உள்ளே வெறும் குழாய். உச்சியில் ஆஞ்சான் கயிறுகளுக்கான உருளைகள் திறந்தவெளியில் இருக்கின்றன. அந்தக் கயிறுகள் வெளியே வருவதற்கு இடுப்பு உயரத்திலும் தலை உயரத்திலும் நீள்துளைகள். விளக்கு ஒயருக்குத் துளை, கம்பி மாட்டும் இடத்தில் துளை. காற்றோடு சாய்ந்தடிக்கிற மழை இவை எல்லாவற்றிலும் நுழையும். எவ்வளவு நல்ல பாவாடை கட்டினாலும் இந்த நீர் வரத்தான் செய்யும். அதைத் தடுக்கப் போராடாமல் போகவிடுவதே என் வழக்கம். பாய்மரத்தின் அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். அது அழுக்கில் அடைத்திருந்தால் கம்பியை விட்டுத் திறந்துவிடுங்கள். நீர் படகின் அடிப்பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பம்ப் அதை வெளியே தள்ளிவிடும். பாய்மரத்தின் பாதம் அந்த நீரில் ஊறி நிற்கக் கூடாது, அவ்வளவுதான் கவனிக்க வேண்டியது. அலுமினியம் அங்கேதான் அரிக்கும். சிலர் பாய்மரத்தின் உள்ளே தளத்துக்கு மேலே ஒரு தடுப்பு வைத்து, பக்கவாட்டில் துளை போட்டு நீரைத் தளத்திலேயே வெளியேற்றுகிறார்கள். தள மட்டத்தில்தான் பாய்மரத்தின்மேல் வளைக்கும் விசை அதிகம். அந்த இடத்தில் புதிதாக ஒரு துளை போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொரு கள்ள வழி, பாயின் விளிம்பு ஏறி இறங்குகிற நீள் பள்ளமான தவாளிப்பு. சில பாய்மரங்களில் அந்தத் தவாளிப்பு தளத்தையும் தாண்டிக் கீழே வரை ஓடும். பாவாடையின் மேல் விளிம்பை எவ்வளவு இறுக்கினாலும் தவாளிப்பு உள்பக்கம் திறந்த வாய்க்காலாக இருக்கும். மழைநீர் அதில் ஓடிப் பாவாடைக்கு அடியில் இறங்கிவிடும். பாவாடை உட்காரும் உயரத்தில் இரண்டு மூன்று விரற்கடை நீளத்துக்கு அந்தத் தவாளிப்பைப் பியூட்டைல் மெழுகால் நிரப்ப வேண்டும். பியூட்டைல் கோந்துபோல் மென்மையாகவே இருக்கும், இறுகாது. வேண்டும்போது பிய்த்து எடுத்துவிடலாம்.

காலரின் அடியில் கோளாறு என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஃபைபர் படகுகளின் தளம் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துச் செய்தது. காலரின் திருகாணி வழியே நீர் உள்ளே போனால் அந்த மென்மரம் ஊறி, சத்தமில்லாமல் அழுகும். ஒரு நாணயத்தால் காலரைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று தெறிப்பாகக் கேட்டால் நல்லது. ‘பொத் பொத்’ என்று அமுங்கிக் கேட்கும் இடத்தில் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது. அப்படியானால் காலரைக் கழற்றி, துளைகளைப் பெரிதாக்கி, கெட்ட மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட்டு, எபாக்ஸியால் நிரப்பி, அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டுக் காலரைப் பொருத்த வேண்டும். காலரின் அடிக்கு மட்டும் பாலிசல்பைடு வகைப் பசையோ பியூட்டைலோ போடலாம். அங்கே பசை பொருந்தும். காலரும் தளமும் ஒன்றாக அசைபவை.

பாவாடை கட்டும் முறை

பாவாடையை எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் கட்ட வேண்டும். பாய்மரத்தை நிறுத்தி, கம்பிகளை இறுக்கி, சாய்வைச் சரிசெய்து, ஆப்பு வைத்த பிறகுதான் அதன் முறை. ரப்பர் ஆப்பு இடைவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கனமாக இருந்தால் அமுங்கி நன்றாகப் பிடிக்கும். உள்ளே நுழைக்கப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரைத் தடவிக்கொண்டு, பாய்மரத்தைக் கப்பிக் கயிறால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும். இப்போது இரண்டு திரவங்களைக் கலந்து இடைவெளிக்குள் ஊற்றி, அந்த வடிவத்திலேயே ரப்பராக உறையவிடுகிற முறையும் வந்திருக்கிறது. ஸ்பார்டைட் என்ற பெயரில் கிடைக்கிறது. காலரில் ஒட்டாமல் இருக்க முதலில் வாஸ்லின் தடவி, கீழே ஒழுகாமல் தடுப்புக் கட்டிவிட்டு ஊற்றுவார்கள். பாய்மரத்தைச் சீராகப் பிடிப்பதில் அதற்கு இணை இல்லை. ஆனால் அதுவும் ஆப்புதான். அதன்மேலும் பாவாடை வேண்டும்.

பாவாடைக்கு ரப்பர் இரண்டு மில்லிமீட்டர் கனம் போதும். லாரி டியூபை வெட்டிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, அவசரத்துக்குக் குறையில்லை. நம் வெயிலில் நீடிக்க வேண்டுமானால் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் நல்லது. நியோப்ரீனைவிட வெயிலை அதிகம் தாங்கும்.

பாய்மரம் கீழே இறக்கி வைத்திருக்கும்போது வாய்ப்புக் கிடைத்தால், தையல் இல்லாத குழாய் வடிவப் பாவாடையை அடியிலிருந்து நுழைத்துவிடுங்கள். இதில் ஓர் அழகான உத்தி இருக்கிறது. பாவாடையை உள்பக்கம் வெளியாக, தலைகீழாகப் பாய்மரத்தில் மாட்ட வேண்டும். அதாவது, கடைசியில் மேல் விளிம்பாக வேண்டியது இப்போது கீழே இருக்கும். மீதி ரப்பர் பாய்மரத்தோடு மேல்நோக்கி நிற்கும். கீழே இருக்கும் அந்த விளிம்பைக் காலருக்கு நாலு விரல் உயரத்தில் வைத்து, குழாயைச் சுற்றித் திருகி இறுக்கும் உலோகப் பட்டையான ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். பிறகு மேலே நிற்கும் ரப்பரை, சட்டைக் கையை மடித்து விடுவதுபோல், கிளிப்பின் மேலாகக் கீழே புரட்டி இறக்குங்கள். அது காலரைப் போர்த்தி விழும். அங்கே இரண்டாவது கிளிப். இப்போது மேல் கிளிப் மடிப்புக்குள் மறைந்துவிட்டது. வெயிலும் உப்பும் அதைத் தொடாது. மேலே வெட்டு விளிம்பு என்று எதுவும் வெளியே தெரியாததால் நீர் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையவும் தோது குறைவு. புரட்டி இறக்கும்போது விறைப்பாக இழுக்காதீர்கள். நடுவில் கொஞ்சம் தொய்வு இருந்தால்தான் அசைவை வாங்கும்.

பாய்மரம் நிற்கும்போது குழாயை நுழைக்க முடியாது. ரப்பர்த் தாளைச் சுற்றி, இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ரப்பர் பசையால் ஒட்ட வேண்டும். இணைப்பைப் படகின் பின்பக்கம் நோக்கி வையுங்கள். தளத்தில் ஏறும் அலை முன்னாலிருந்துதான் ஓடிவரும்.

நான் பார்த்த பாவாடைகளில் பாதிக்கு மேல் தோற்றது ரப்பராலோ ஒட்டாலோ இல்லை, கிளிப்பால். ஹோஸ் கிளிப் உருண்டைக் குழாய்க்காகச் செய்தது. உருண்டையைச் சுற்றி இறுக்கினால் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் கிடைக்கும். பாய்மரமோ முட்டை வடிவம். சிலவற்றில் பக்கங்கள் ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும். இழுத்துக் கட்டிய பட்டை வளைவுகளில்தான் அழுத்தும், தட்டையான இடத்தில் அதற்கு அழுத்தமே கிடையாது. சதுரப் பெட்டியைக் கயிறால் கட்டிப் பாருங்கள்: மூலைகளில் கயிறு வெட்டும், நடுவில் விரலை நுழைக்கலாம். கிளிப்பை இன்னும் இன்னும் திருகினால் முன்விளிம்பில் ரப்பர் கிழியுமே ஒழிய, பக்கங்களில் நீர் நிற்காது. தட்டையான பக்கங்களில் கிளிப்புக்கு அடியில் ரப்பர்ப் பட்டைகளை நடுவில் கனமாக, ஓரத்தில் மெல்லியதாக அடுக்கி, அந்த இடத்தைச் சற்றுப் புடைக்கச் செய்ய வேண்டும். பாவாடைக்கும் பாய்மரத்துக்கும் நடுவே பியூட்டைல் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், அழுத்தம் குறைந்த இடத்தை அது நிரப்பிக்கொள்ளும். நண்பருடைய படகில் கிளிப்பை விடாமல் திருகித் திருகி முன்பக்கம் ரப்பர் அறுந்தே போயிருந்தது. அவ்வளவு பெரிய கிளிப் கடையில் கிடைக்கவில்லை என்றால் இரண்டு மூன்றை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகுக் கிளிப் அலுமினியத்தை நேரடியாகத் தொட்டு, உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். எங்கும் ரப்பர் நடுவில் இருக்கட்டும்.

ரப்பர் கிடைக்காத இடத்தில், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் நாடா உதவும். மேலே திட்டித் தீர்த்த சிலிக்கான் பசை வேறு, இது வேறு. இது பாய்மரத்தில் ஒட்டாது. தன் அடுத்த சுற்றோடு மட்டும் சேர்ந்து ஒரே ரப்பராகிவிடும். அதனால் பின்னால் கத்தியால் ஒரு கீறு கீறினால் சுத்தமாக உரிந்து வரும். காலரிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, நன்றாக இழுத்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூடும்படி சுற்றுங்கள். கீழிருந்து மேலே சுற்றினால் மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் ஏறி நிற்கும், ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படுவதுபோல். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் நீர் பிடிக்கும் வாயாகிவிடும்.

கட்டி முடித்த பாவாடைக்கு வெயில்தான் பகை. அதன்மேல் படகுப் பாய்க்கு உறை தைக்கிற அக்ரிலிக் துணியால் ஓர் உறை போடுங்கள். உறை நீரைத் தடுக்க வேண்டியதில்லை, நிழல் தந்தால் போதும். நிழலில் இருக்கும் ரப்பர் பல ஆண்டு உழைக்கும். வெயிலில் காய்வது ஓரிரு ஆண்டில் சொரசொரத்து, மடிப்புகளில் வெடிப்பு விடும்.

ஆண்டுக்கு ஒரு முறை உறையை அவிழ்த்து, மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். கிளிப்புகளைத் தளர்த்தி உள்ளே எட்டிப் பார்ப்பதும் அவசியம். பாவாடைக்குள் சிக்கிய உப்பு ஈரம் காற்றுப் படாமல் கிடந்தால், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். மரத்தாலான பாய்மரம் என்றால் அந்த இடத்தில்தான் இற்றுப்போகத் தொடங்கும். வெள்ளைப் பொடி தெரிந்தால் நல்ல நீரால் கழுவி, காயவைத்து, புதிய பியூட்டைல் சுற்றி மறுபடி கட்டிவிடுங்கள்.

நண்பருடைய படகில் நாங்கள் செய்தது இரண்டு நாள் வேலை. முதல் நாள் சிலிக்கானைச் சுரண்டியதும், தவாளிப்புக்குப் பியூட்டைல் அடைத்ததும், தளர்ந்து தொங்கிய இழுப்புக் கம்பியை இறுக்கியதும். இரண்டாம் நாள் ரப்பர்த் தாளில் பாவாடை, பக்கங்களில் பட்டை அடுக்கிக் கிளிப், அதன்மேல் பழைய பாய் உறையிலிருந்து வெட்டிய துணி. டிஷ்யூ வளையங்களை உள்ளே அப்படியே விட்டுவைத்தோம். நான்கு நாள் கழித்து மாலையில் மழை பிடித்தது. இரவு வரை விடவில்லை. நண்பர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பாய்மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டு வளையமும் வெள்ளையாகக் காய்ந்திருந்தன. தரைப் பலகையைத் தூக்கியபோது அடிக்குழியில் ஒரு கோப்பை அளவு நீர், வடிகால் துளை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பில்லை. உச்சியிலிருந்து உள்ளே இறங்கிய மழை. பலகையை மூடிவிட்டு, வரைபடத்தை மேசைமேல் விரித்தோம்.